சைட் விசிட் சார்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் சென்னையில் வந்து இறங்கும் கூட்டத்தில் அவரும் இருப்பார். பெட்டிக்குள் அம்மாவுக்கு பிரஷர் பார்க்கும் கருவி, அக்கா பிள்ளைகளுக்குச் சாக்லேட். தோள்பையில் லேப்டாப். லேப்டாப்புக்குள் 14 பக்கத்துக்கு ஒரு கேள்விப் பட்டியல். மற்ற என்.ஆர்.ஐ.க்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் அந்தப் பட்டியல்தான். எங்கோ ஒரு கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கும் மாலை நேர டியூஷன் மையத்துக்கு இவருடைய நண்பர் குழு பணம் அனுப்புகிறது. அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டியது இவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, கார் வாடகையும் கைக்காசு. குழுவில் இவர் தன்னார்வலர்; மையத்தில் 'சைட் விசிட் சார்'.

மார்கழியில் கல்யாணம், காதுகுத்து என்று எதுவும் வராது. சொந்தக்காரர்கள் மனிதனை விட்டுவைக்கும் மாதம். சபா கேன்டீனுக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஒரு நாளை ஒதுக்கி, 'டிசம்பர் 27 வருகிறேன், வழக்கமாக எப்படி நடக்குமோ அப்படியே நடக்கட்டும், எனக்காக எதுவும் செய்ய வேண்டாம்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுவார். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அரையாண்டுப் பரீட்சை லீவு அந்த வாரத்தில்தான் என்பதை, இங்கேயே பன்னிரண்டு வகுப்பு படித்தவர், சுத்தமாக மறந்திருப்பார். பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டி வீட்டில். மீதிப் பேர் ஏரிக்கரையில் கிரிக்கெட். ஒருங்கிணைப்பாளர் போன் மேல் போன் போட்டு, ஒவ்வொரு பாட்டியிடமும் கெஞ்சி, ஷேர் ஆட்டோ வைத்துப் பிள்ளைகளைத் திரட்டுவார். வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர், வகுப்பு இல்லாத ஒரு நாளில் தமக்காகவே நடத்தப்பட்ட வகுப்பைப் பார்த்துவிட்டு, 'வருகைப் பதிவு மிகச் சிறப்பு' என்று குறித்துக்கொள்வார்.

இந்த இனம் திடீரென்று முளைத்ததில்லை. ஏர் இந்தியா விமானப் பணியாளராக இருந்த ரிப்பன் கபூர் 1979இல் நண்பர்களோடு 50 ரூபாயை வைத்துக்கொண்டு 'கிரை' அமைப்பைத் தொடங்கினார். 1991இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சந்தீப் பாண்டேயும் தோழர்களும் 'ஆஷா ஃபார் எஜுகேஷன்' தொடங்கினார்கள். அதே வருஷம் மேரிலாந்தில் 'எய்ட்' பிறந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய காசு அலுவலகத்துக்குப் போய்விடும், எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்ற இந்த அமெரிக்கக் குழுக்களின் கொள்கை நல்ல கொள்கைதான். அதன் விளைவு, திங்கள் முதல் வெள்ளி வரை சாஃப்ட்வேரில் பிழை தேடுகிறவர்தான் ஊருக்கு வரும்போது பள்ளிக்கூடத்திலும் பிழை தேட வேண்டியிருக்கிறது. நம்முடைய சார் இந்த அமைப்புகளில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நாலு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் நடத்தும் குழுவிலும் இருப்பார்.

காரிலிருந்து இறங்கியதும் சால்வை. "இந்தக் காசுக்கு நாலு நோட்டு வாங்கலாமே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அது தோளில் ஏறியிருக்கும். சால்வை புதிதில்லை; போன வருஷம் வந்தவர் இதே வசனத்தைச் சொல்லி விட்டுவிட்டுப் போனது. உள்ளே நுழைந்தால், மணி மாலை நாலரை ஆனாலும், "குட் மார்னிங் சா...ர்!" ஒரு திட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆயா, கையில் பேனாவும் தாளுமாக வந்தவரை ஏற இறங்கப் பார்ப்பாள். "தம்பி, எந்தக் குழுவுலேருந்து வர்றீங்க? தவணை வெள்ளிக்கிழமைதானே?" ஊருக்குள் பேனாவோடு வருகிறவர்களில் ஆயாவுக்குத் தெரிந்த ஒரே வகை, குழுக் கடன் வசூலிக்க வருகிறவர்கள்தான்.

பிறகு அந்தக் கேள்வி. "பெரியவங்களானதும் என்ன ஆகப்போறீங்க?" முதல் பெண் டாக்டர் என்பாள். அந்த வரிசை முழுக்க டாக்டர். இரண்டாவது வரிசையில் ஒருவன் துணிந்து கலெக்டர் என்பான். அங்கிருந்து கடைசி வரை ஐ.ஏ.எஸ். மூலையில் இருப்பவன் மட்டும் "ஜேசிபி ஓட்டுவேன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், சாரும் சிரித்துவிட்டுக் குறிப்பில் விட்டுவிடுவார். அத்தனை பேரில் சொந்தமாக யோசித்துப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

வாசிப்புச் சோதனைக்கு அவர் கைவசம் ஒரு தாள் உண்டு. பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய 'அசர்' ஆய்வின் பாணியில் வந்தது: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. எளிமையான சோதனை, ஆனால் அது காட்டியது எளிமையான விஷயமல்ல. 2022இல் கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 42.8 சதவீதம்தான். அசர் தன்னார்வலர்கள் கிராமத்துக்கு 20 வீடு என்று வீடு வீடாகப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் வந்த பிள்ளையைத்தானே சோதிக்க முடியும்? வராத பிள்ளை வீட்டில்தான் அகப்படும். நம் சாருக்கு அவ்வளவு நேரம் ஏது? ஆறு மணிக்குக் கச்சேரி. மையத்திலேயே ஒரு சிறுமியைக் கூப்பிடுவார். அவள் கதையை நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி படித்து முடிப்பாள். போன வருஷம் வந்தவரும் இதே தாளைத்தான் கொண்டுவந்தார்.

இவர்களில் கொஞ்சம் அதிகம் படித்துவிட்ட ஒரு ரகம் உண்டு. மும்பையிலும் வதோதராவிலும், வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்தந்தப் பகுதிப் பெண்களையே வைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுத்தது பிரதம். 'பால்சகி' என்று பெயர். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களோடு அதை ஆராய்ந்து, பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதைக் காட்டினார்கள். 2019இல் அந்த இருவரும் மைக்கேல் கிரேமரோடு பொருளாதார நோபல் பெற்ற பிறகு, நம் சாருக்கும் கைகள் பரபரக்கத் தொடங்கின. "மேலத் தெருப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க. கீழத் தெருவை ஒரு வருஷம் அப்படியே விட்டுடுங்க. அப்பத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்" என்பார். ஒருங்கிணைப்பாளர் தலையைச் சொறிவார். "கீழத் தெருப் பிள்ளைங்களும் வருதுங்களே சார். மிஸ்ஸுக்கு வீடே கீழத் தெருதான்."

மாலை மையத்திலாவது கணக்கு ஒருவழியாக ஒப்பேறும். செங்கல் சூளைக்குப் போனால் எக்செல் திணறிவிடும். திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். மழைக்காலம் முடிந்து சூளை தொடங்கும்போது ரயிலேறி வந்தால், அடுத்த மழைக்கு முன் திரும்பிப் போவார்கள். முன்பணத்தை வேலையில் கழிக்க வேண்டும்; பிள்ளைகளும் கூடவே வந்து, கல்லைத் திருப்பிக் காயப்போட்டுக்கொண்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்கென்று சூளை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வகுப்பு. பேசுவது ஒடியா. சார் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து வந்த பட்டியல் அங்கே ஊமையாகிவிடும். ஆனாலும் விடமாட்டார். "போன வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் இந்த வருஷம் தொடர்கிறவர்கள் எத்தனை சதவீதம்?" யாருமில்லை. சூளை ஓய்ந்ததும் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். சார் முகம் இருண்டு, 'இடைநிற்றல்: 100 சதவீதம்' என்று நிரப்புவார். போன பிள்ளை பலாங்கீரில் தன் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது.

இவருக்கு ஒரு பங்காளி உண்டு: கம்பெனித் தன்னார்வலர். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகு ஒரே நிற டி-ஷர்ட் போட்ட நாற்பது பேர் ஏ.சி. பஸ்ஸில் வந்து இறங்குவது வழக்கமாயிற்று. இவர்கள் கேள்வி கேட்பதில்லை. சுவரில் பெயின்ட் அடிப்பார்கள். முந்தைய கம்பெனி எழுதிவிட்டுப் போன வாய்ப்பாட்டின் மேல் சூரியக் குடும்பம், அதன் மேல் பட்டாம்பூச்சி. சில மையங்களில் சுவர் வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போகிறது. கூரை மட்டும் ஒழுகுகிறது. கூரைமேல் ஏறிக் குழுப் படம் எடுக்க முடியாதல்லவா?

இதையெல்லாம் வைத்து சாரை வீணானவர் என்று தள்ளிவிடவும் மனம் வராது. பட்டியலில் இல்லாத சில விஷயங்களும் அவர் கண்ணில் படும். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு எங்கே போகிறார்கள் என்று முன்பொரு முறை வந்தபோது கேட்டவர் இவர்தான். அதற்குப் பிறகுதான் கதவு வந்தது. இந்த முறை கணக்கு நோட்டைப் புரட்டும்போது ஓர் இடத்தில் நின்றார். பி.ஏ. படித்துவிட்டு இங்கே சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு மூன்று மாதமாக மதிப்பூதியம் போகவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்?"

ஒருங்கிணைப்பாளர் முதலில் சட்டத்தின் பக்கம் போனார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வரும் பணம் எதுவானாலும் முதலில் டில்லி சன்சத் மார்கில் இருக்கும் ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும், கலிபோர்னியாவிலிருந்து திருவள்ளூருக்கு வருகிற டாலரும் டில்லியைச் சுற்றித்தான் வர வேண்டும் என்று விளக்கினார். சார் விடவில்லை. டில்லிக்கே பணம் வரவில்லையே, அது ஏன் என்றார்.

"அது வந்துங்க சார்... போன வருஷம் வந்துட்டுப் போன சார் இன்னும் ரிப்போர்ட் அனுப்பலீங்க. ரிப்போர்ட் வந்தாத்தான் அடுத்த தவணைன்னு உங்க குழுவுலேருந்து மெயில் வந்துச்சு."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்து, 'சவால்கள்' என்ற கட்டத்தில் 'மதிப்பூதியம் தாமதம்' என்று தட்டினார். பக்கத்திலேயே 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் நாலைந்து தெரிவுகள்தான் இருந்தன. இருப்பதில் பொருத்தமாகத் தெரிந்த 'உள்ளூர் நிர்வாகக் குறைபாடு' என்பதைச் சொடுக்கினார்.

ஒருங்கிணைப்பாளர் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்தார். "சார், டீ சொல்லட்டுங்களா, காபிங்களா?" என்று கேட்டார்.