கூரைக்காரர் வந்தார்

2024 நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது புதுச்சேரி பக்கம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டியதோ 50 சென்டிமீட்டர். மத்தூரில் எங்கள் ஷீட் கூரை சல்லடையானது. மழை விடுவதற்குள் கூரைக்காரர் ஆஜர்.

“ஓசூர் கம்பெனி ஷெட்டெல்லாம் நம்ம கை வேலைதாண்ணே.”

எந்தக் கம்பெனி?

“பேரைச் சொன்னா கோவிச்சுக்குவாங்க.”

அரை மில்லி ஷீட் என்றார். விரலால் அழுத்தினேன், நமத்த அப்பளம்.

“வெயில்ல விறைச்சுக்கும்ணே.”

ஸ்க்ரூவை மேட்டில் அடிக்காமல், தண்ணீர் ஓடும் பள்ளமாகப் பார்த்து அடித்தார். ரப்பர் வாஷர்? அடுத்த டிரிப்பில். பணம் மட்டும் இந்த டிரிப்பிலேயே.

அடுத்த மழைக்கு வீட்டுக்குள் ஏழு குண்டான். போன் போட்டேன். கூரைக்காரர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஓர் அம்மணி கன்னடத்தில் சொன்னார்.