இல்லாத பசளைக்கு விலை ஏது?

இலங்கையில் தேர்தல் மேடையில் தப்பித்தவறியும் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "அதற்குக் காசில்லை." இதைச் சொல்லும் வேட்பாளர் கட்டுக்காசை இழப்பார், சொல்லும் பொருளியலாளர் மக்கள் விரோதி ஆவார். ஆகவே காசு எங்கிருந்து வரும் என்ற அற்பக் கேள்வியை நம் தலைவர்கள் தேர்தல் முடிந்த பிறகே எடுப்பார்கள். அதுவும் தாங்கள் எதிர்க்கட்சியில் இருந்தால் மட்டும்.

பாரம்பரியம் பெரியது. சந்திரனிலிருந்தாவது இரண்டு கொத்து அரிசி கொண்டுவருவோம் என்று 1970இல் சிறிமாவோ தரப்பு வாக்களித்தது. அந்த ஆட்சி முடிவதற்குள் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. 1988இல் ரணசிங்க பிரேமதாச, ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் தரும் ஜனசவிய என்றார். 2005இல் மகிந்த ராஜபக்ச, பசளை மூட்டை 350 ரூபாய் என்றார். கணக்கு இடித்தாலும் இவற்றில் ஒரு நேர்மை இருந்தது. கொடுப்பதாகச் சொன்னது இல்லாதவனுக்கு.

2019 அந்தக் குறையையும் தீர்த்தது. இல்லாதவன் கைதட்ட, இருப்பவனுக்குக் கொடுக்கும் கலை அந்த வருடம்தான் பூரணமடைந்தது. சஜித் பிரேமதாச பெண்களுக்கு இலவச அணையாடை தருவேன் என்றபோது கேலி செய்த கனவான்கள், கோட்டாபய ராஜபக்ச "சுபீட்சத்தின் நோக்கு" என்ற விஞ்ஞாபனத்தில் அரசாங்கத்தின் கல்லாப்பெட்டியையே தூக்கிக் கொடுப்பதாகச் சொன்னபோது அதைப் பொருளாதார மறுமலர்ச்சி என்றார்கள். வியத்மக என்ற பெயரில் படித்தவர்களின் படையொன்று அதற்கு உரையெழுதியது. அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர, இது வெனிசுவேலாவும் கிரேக்கமும் போன வழி, நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். தோற்கப்போகிறவனின் புலம்பல் என்று ஒதுக்கினோம். கோட்டாபயவுக்கு 69 இலட்சம் வாக்குகள் விழுந்தன.

புதிய ஜனாதிபதி சொன்னதைச் செய்தார். வாக்குறுதியை மீறும் அரசியல்வாதியைவிட ஆபத்தானவர் அதை நிறைவேற்றும் அரசியல்வாதி என்று அன்றுதான் தெரிந்தது. 2019 டிசம்பர் 1 முதல் 15 சதவீத வற் வரி 8 ஆனது. 2 சதவீத தேச நிர்மாண வரி ஒழிந்தது. வருடம் 1.2 கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்தவர் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடிக்குப் போனது. வருடம் 30 இலட்சம் ரூபாய் வரை உழைப்பவருக்கு வருமான வரி இல்லை என்றானது. மாதம் இரண்டரை இலட்சம் உழைக்கும் ஏழைகளின் கண்ணீர் துடைக்கப்பட்டது.

அதே நேரத்தில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அதை 2020 மார்ச் 1 முதல் ஆயிரமாக்குவதாக அறிவித்தார்கள். கனவான்களின் வரியைக் குறைக்க இரண்டு வாரம் போதுமாயிருந்தது. அவளுக்கு 300 ரூபாய் கூட்ட 2021 மார்ச் வரை எடுத்தது. அடுத்த வருடம் வந்த விலையேற்றம் அந்த ஆயிரத்தையும் தின்றது.

விவசாயிக்கு இலவசப் பசளை என்ற வாக்குறுதியும் இருந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியையே தடைசெய்தார்கள். இதை வாக்குமீறல் என்பவர்களுக்குத் தர்க்கம் தெரியாது. இல்லாத பசளைக்கு விலை ஏது? நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் தடை பின்வாங்கப்பட்டது. விழுந்த விளைச்சலுக்குப் பின்வாங்கத் தெரியவில்லை.

தேசிய உற்பத்தியில் 12 சதவீதத்தை அண்டியிருந்த வரி வருமானம் ஒரே வருடத்தில் 8 சதவீதத்துக்கு இறங்கியது. கொரோனா என்றார்கள். வரி வெட்டியபோது இலங்கையில் கொரோனா இல்லை, தேர்தல்தான் இருந்தது. வெளியே கடன் கொடுப்போர் கதவை மூட, உள்ளே மத்திய வங்கி பணம் அச்சிட்டது. அச்சிடும் பணத்துக்கும் விலைவாசிக்கும் தொடர்பில்லை என்று விளக்கம் சொல்லவும் ஆள் கிடைத்தது.

மீதியை வரிசைகள் சொல்லின. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்றவர்களில் சிலர் நின்ற இடத்திலேயே செத்தார்கள். ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு கைவிரித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. கோட்டாபயவுக்கு வாக்களிக்காத யாழ்ப்பாணத்தவனுக்கும் நுவரெலியாக்காரிக்கும் இந்தப் பங்கீட்டில் மட்டும் பாரபட்சம் காட்டப்படவில்லை. வாக்குறுதி தந்தவரோ ஜூலையில் விமானமேறி மாலைதீவு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்.

வெட்டிய வற் வரி திரும்பி வந்தது: முதலில் 12, பிறகு 15, 2024 ஜனவரி 1 முதல் 18. இரண்டரை வருடம் 8 என்று அனுபவித்ததற்கான வட்டியை இன்று கடையில் சாமான் வாங்கும் தாய் கட்டுகிறாள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர் மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் சில உயரதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறிப் பொருளாதாரத்தைச் சீரழித்ததாகத் தீர்ப்பளித்தது. மனுதாரருக்கு வழக்குச் செலவு 1,50,000 ரூபாய். ஒரு நாட்டை வங்குரோத்தாக்கியதற்கு அவ்வளவுதான் செலவு.

பாடம் படித்தோமா? 2024 செப்டெம்பர் தேர்தல் மேடைகளில் சம்பள உயர்வும் பசளை மானியமும் மீண்டும் ஏலத்துக்கு வந்தன.

அடுத்த முறை ஒருவர் "குறைப்பேன், கூட்டுவேன், தருவேன்" என்று கையுயர்த்தும்போது, தட்டுவதற்கு முன் கேளுங்கள்: யாருக்குக் குறைக்கிறாய், எவ்வளவு குறைகிறது, அந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவாய்? பதில் சொல்லாமல் சிரிப்பவர் உங்கள் பெயரில் கடன் வாங்கப்போகிறார். அவருக்கு வாக்குப் போடாதீர்கள்.