கையேட்டைத் திறக்காமல் பிளக் வாங்குவது எப்படி

முதலில் உங்களிடம் இருப்பது பிளக் உள்ள வண்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் மடித்து வைத்துவிடலாம். டீசல் இன்ஜினில் காற்றை நெருக்கி அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. தீப்பொறிக்கு அங்கே வேலையில்லை. டீசல் லாரிக்கு ஸ்பார்க் பிளக் கேட்டுப் போனால், கடைக்காரர் உங்களை உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு, வீட்டு நம்பரைக் கேட்பார்.

இது பெட்ரோல் குடிக்கும் அமெரிக்கப் பிக்கப்புகளுக்கான வழிகாட்டி. குறிப்பாக, 1973 முதல் 1987 வரை ஏறக்குறைய ஒரே சதுர முகத்தோடு வந்த செவர்லே சி-10. போனட்டுக்கு அடியில் 350 கன அங்குல வி-8, அதாவது 5.7 லிட்டர். எட்டு சிலிண்டர், எட்டு பிளக். ஒரே தப்பை எட்டு தடவை செய்யும் பாக்கியம் எல்லா வண்டிக்காரருக்கும் வாய்ப்பதில்லை.

கடைக்குள் நுழைந்ததும் கவுன்ட்டரில் இருக்கும் பையன் மூன்று கேள்வி கேட்பான். எந்த வருஷம், எந்த கம்பெனி, எந்த மாடல்? "1978, செவர்லே, சி-10" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள். அவன் கணினியைத் தட்டி எட்டு டப்பாக்களை எடுத்து வைப்பான். காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு எதுவும் பேச வேண்டாம். கணினி பொய் சொல்லவில்லை. 1978இல் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைக்கு அந்த வண்டியில் என்ன இருந்ததோ, அதைத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் வண்டி எத்தனை கை மாறியது, எந்தக் கை எதைக் கழற்றி எதை மாட்டியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

செவர்லேயின் இந்தச் சின்ன வி-8 குடும்பம் 1955இல் பிறந்தது. பல பத்தாண்டுகளுக்குத் தயாரிப்பில் இருந்தது. இதில் இருப்பதைக் கழற்றி அதில் மாட்டலாம் என்பதுதான் அதன் புகழுக்கே காரணம். பழைய இம்பாலா காரின் இன்ஜினைத் தூக்கிப் பிக்கப்பில் இறக்குவார்கள். சிலிண்டரை மேலே மூடும் இரும்பு ஹெட்டைக் கழற்றிவிட்டு, இழுவை கூடும் என்று அலுமினிய ஹெட் போடுவார்கள். பதிவுப் புத்தகத்தில் மட்டும் 1978 அப்படியே இருக்கும். பிளக் வண்டிக்குப் பொருந்துவதில்லை, ஹெட்டுக்குத்தான் பொருந்துகிறது. இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் இந்த வழிகாட்டிக்கே தேவை இருக்காது. ஆகவே தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

மரையைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்தக் குடும்பத்தில் அது 14 மில்லிமீட்டர். அன்றைய இரும்பு ஹெட்டிலும் அதே, இன்றைய அலுமினிய ஹெட்டிலும் அதே. தப்பான பிளக்கும் விரலால் திருகினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தப்பு செய்யக் காத்திருப்பவருக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

சிக்கல் எல்லாம் மரைக்கு மேலேயும் கீழேயும்தான். மேலே, பிளக் ஹெட்டில் உட்காரும் இடம். ஏறக்குறைய 1970 வரை செவர்லே பிளக்கில் தட்டையான அடிப்பகுதியும் அதற்கடியில் நசுங்கும் வாஷரும் இருந்தன. கழற்ற 13/16 அங்குல பாக்ஸ் ஸ்பேனர். பிறகு வந்தவற்றில் வாஷர் கிடையாது, சரிவாகக் கடைந்த கூம்பு அடிப்பகுதி. ஸ்பேனரும் 5/8 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. கூம்புப் பிளக்கைத் தட்டையான ஹெட்டில் போட்டால் விளிம்பு மட்டும் கடிக்கும், எரிந்த வாயு கசியும், கசியும் சூட்டில் பிளக் வேகும். வாஷர் பிளக்கைக் கூம்பு ஹெட்டில் போட்டாலும் இதே கதைதான். உங்கள் ஸ்பேனர் பழைய பிளக்குக்குப் பொருந்தி, புதுப் பிளக்குக்குப் பொருந்தவில்லை என்றால் அது ஓர் எச்சரிக்கை. நீங்கள் அதை ஸ்பேனரின் குறை என்று எடுத்துக்கொண்டு புது ஸ்பேனர் வாங்குங்கள்.

கீழே இருப்பது நீளம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றைப் பார்த்துத்தான். ஆனால் சிலிண்டருக்கும் செல்லும். பழைய வாஷர் பிளக்கின் மரை நீளம் 3/8 அங்குலம், 9.5 மில்லிமீட்டர். கூம்புப் பிளக்குக்கு சுமார் 11.7. வெளிச்சந்தையில் கிடைக்கும் அலுமினிய ஹெட்டுகள் பெரும்பாலும் 19 கேட்கும். இந்த 19 பிளக்கைக் கொண்டுபோய் இரும்பு ஹெட்டில் திருகினால், ஏழு முதல் ஒன்பதரை மில்லிமீட்டர் வரை எரிஅறைக்குள் தலையை நீட்டும். மேலே ஏறி வரும் பிஸ்டனோ திறக்கும் வால்வோ அதை இடிக்கலாம். இடிக்காவிட்டாலும், வெளியே தெரியும் மரை தணலாகக் காய்ந்து, பொறி வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். மாறாக, 11.7ஐ அலுமினிய ஹெட்டில் போட்டால் சத்தம் வராது, சண்டை வராது. பிளக் பொந்துக்குள் பதுங்கிக்கொள்ளும், வண்டி அவ்வப்போது மிஸ்ஸிங் அடிக்கும், காலியாக விட்ட மரையில் கரி அடையும். பின்னொரு நாள் யாரோ சரியான பிளக்கைத் திருக, அது பாதி வழியில் நின்று மரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதற்குள் நீங்கள் வண்டியை விற்றிருந்தால் புத்திசாலி.

பழைய பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு அதே மாதிரி வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முந்தின ஓனரும் உங்களைப் போலவே வழிகாட்டி படித்தவராக இருந்தால்? அந்தப் பிளக்கோடு, அது இருந்த ஓட்டைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்: உட்காரும் இடம் தட்டையா, சரிவா, மரை எங்கே முடிகிறது என்று. ஹெட்டில் வார்ப்பு எண்ணும் இருக்கிறது. வால்வு மூடியைக் கழற்றினால் தெரியும். அரை மணி நேர வேலை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்கு அபிப்பிராயம் கேட்டுவிடலாம் என்பதால், இந்த வழியை யாரும் அதிகம் விரும்புவதில்லை.

அடுத்து எண். டப்பாவின் மேல் ஆர்45டிஎஸ் என்று ஏதோ அச்சடித்திருக்கும். எழுபதுகளின் 350க்குப் பரவலாகப் போன, ஏசி என்ற கம்பெனியின் பிளக் அது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு தகவல். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, ரேடியோவில் கரகரப்பு வராது. 4 என்றால் 14 மில்லிமீட்டர் மரை. டி என்றால் கூம்பு அடி. எஸ் என்றால் முனை சற்று நீண்டது. நடுவில் இருக்கும் 5தான் வெப்ப எண்: பிளக் தன் முனைச் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கு இறக்கிவிடும் என்ற கணக்கு. முனை 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் பொறிக்குக் காத்திராமல் அதுவே கொளுத்திவிடும், பிஸ்டனில் ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வைப்பதுதான் அந்த 5இன் வேலை.

எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று எடுத்துவிடாதீர்கள். அல்லது எடுங்கள், வேடிக்கையாக இருக்கும். ஏசி, சாம்பியன், பாஷ் கம்பெனிகளின் கணக்கில் எண் ஏற ஏறப் பிளக் சூடானது. என்ஜிகே, டென்சோ என்ற ஜப்பானியர்களின் கணக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்தது. ஒரு கம்பெனியின் 5க்குப் பதில் இன்னொன்றின் 5 என்று வாங்குபவர் எந்தத் திசையில் போகிறார் என்பது அவருக்கே தெரியாது.

இவர்கள் உட்கார்ந்து பேசி ஒரே எண்முறை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். ஏசியும் சாம்பியனும் ஒரே ஆளின் பெயரைத் தாங்கிய கம்பெனிகள் என்று தெரிந்தால் இன்னும் தோன்றும். ஆல்பர்ட் சாம்பியன் பாரிஸில் பிறந்த சைக்கிள் வீரர். 1899இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் வென்றவர். அமெரிக்காவுக்குப் போய், பாஸ்டனில் ஸ்ட்ரானஹன் சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்து தன் பெயரில் கம்பெனி தொடங்கினார். 1908இல் அவர்களை விட்டுவிட்டு ஃபிளின்ட் நகரத்துக்குப் போய் மறுபடி பிளக் செய்தார். பெயரோ பழைய கூட்டாளிகளிடம் மாட்டிக்கொண்டது. கடைசியில் தன் முதலெழுத்துகளை மட்டும் வைத்து ஏசி என்று பிழைத்துக்கொண்டார். பெயரிலேயே இவ்வளவு தகராறு என்றால் எண்ணில் ஒற்றுமையை எங்கே எதிர்பார்ப்பது?

இனி அழகு. கடை அலமாரியில் பிளாட்டினம், இரிடியம், நான்கு கால் பிளக் என்று நகைக்கடை மாதிரி அடுக்கியிருப்பார்கள். நான்கு கால் இருந்தால் நான்கு பொறி என்று நினைத்து வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலுக்குத்தான் பொறி தாவும். மற்ற மூன்றும் பார்த்துக்கொண்டு நிற்கும். இரிடியம் நெடுநாள் உழைக்கும், உண்மை. பிளக்கைத் தொட நாலு பாகம் கழற்ற வேண்டிய புது வண்டிக்கு அது வரம். போனட்டைத் திறந்தால் பெரும்பாலான பிளக் கைக்கு எட்டும் பழைய செவர்லேக்குச் செப்பு உள்ளீடு வைத்த சாதாரணப் பிளக்கே போதும். ஆனால் சாதாரணப் பிளக் வாங்கியதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

கேப், அதாவது பொறி தாவும் இடைவெளி, பார்ப்பது அநாவசியம், டப்பாவிலேயே சரியாக வைத்து அனுப்புகிறார்கள் என்பது ஒரு நம்பிக்கை. அதே பிளக் பல வண்டிகளுக்குப் போகிறது, டப்பா எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று யாரும் எழுதி வைப்பதுமில்லை. 1974 வரை, பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தில், 0.035 அங்குலம். 1975இல் எச்இஐ என்ற மின்னணுப் பற்றவைப்பு வந்தது. பொறிக்குப் பலம் கூடிய உற்சாகத்தில் 0.060 வரை திறந்துவிட்டு, பின்னால் 0.045க்கு இறங்கி வந்தார்கள். உங்கள் வண்டிக்கு எது என்று போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். அதன் மேல் யாராவது பெயின்ட் அடித்திருப்பார்கள்.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் ஏற்கெனவே நொந்திருப்பார்கள். 1990களின் பிற்பகுதியில் வந்த, சிலிண்டருக்கு இரண்டு வால்வு வைத்த டிரைட்டன் இன்ஜின்களில் ஹெட்டில் நான்கைந்து சுற்று மரைதான் பிளக்கைப் பிடித்திருக்கும். சிலவற்றில் பிளக் மரையோடு பிய்ந்து துப்பாக்கிக் குண்டாக வெளியே பாய்ந்தது. 2004 முதல் 2008 வரை வந்த எஃப்-150இன் 5.4 லிட்டர் மூன்று வால்வு டிரைட்டனில் நேர் எதிர். பிளக்கின் மூக்கு நீண்ட குழாய், இரண்டு துண்டாகச் செய்தது. அதைச் சுற்றிக் கரி இறுகி, திருகும்போது மேல்பாதி கையோடு வந்து, கீழ்பாதி ஹெட்டிலேயே தங்கிவிடும். முந்தையது தானாக வெளியே வரும், பிந்தையது கெஞ்சினாலும் வராது. ஃபோர்டு வெளியிட்ட வழிமுறை இன்ஜினை நன்றாக ஆறவிடச் சொல்கிறது. கால் சுற்றுக்கு மேல் திருகாமல் கார்புரேட்டர் கிளீனர் ஊற்றி ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கச் சொல்கிறது. அவசரக்காரர்கள் நேராக மெஷின் வைத்துக் கழற்றலாம். உடைந்த துண்டை எடுப்பதற்கென்றே தனிக் கருவி விற்கிறார்கள். அந்த வியாபாரமும் நடக்க வேண்டாமா?

மறுபடி செவர்லேக்கு. கழற்றிய எட்டையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கிவிடுங்கள். வரிசையாக வைத்தால், எந்த சிலிண்டரில் இளம்பழுப்பு, எதில் கரி, எதில் எண்ணெய் ஈரம், எதில் வெளுத்த கொப்புளம் என்று இன்ஜினின் ஜாதகமே தெரிந்துவிடும். அப்புறம் செலவு.

இறுக்கும்போது கூம்புப் பிளக்குக்கு விரலால் திருகி நின்றபின் பதினாறில் ஒரு பங்கு சுற்று போதும். புது வாஷர் பிளக்குக்கு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, வாஷர் நசுங்கும் வரை. ஜிம்முக்குப் போகிறவர்கள் முழுச் சுற்று சுற்றிப் பார்க்கலாம்.

ஒயர் மாட்டுவதற்கு 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசை. இதில் 5ம் 7ம் டிரைவர் பக்கம் அடுத்தடுத்து இருக்கும் சிலிண்டர்கள், வெடிப்பதும் அடுத்தடுத்து. இரண்டின் ஒயரையும் ஒட்டினாற்போல இணையாக ஓடவிட்டால், ஒன்றின் மின்சாரம் இன்னொன்றில் தூண்டப்பட்டு 7 முன்கூட்டியே பொறி விடும். பார்க்க நேர்த்தியாக இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வண்டி குலுங்கினால் பிளக்கைச் சந்தேகப்படாதீர்கள், இப்போதுதானே புதுசு போட்டீர்கள்? கார்புரேட்டராகத்தான் இருக்கும். கடையில் அதே பையன் இருப்பான், அதே மூன்று கேள்வியைக் கேட்பான்.