ஊர் மாறலாமா?

கேள்வி: மகன் சென்னை என்கிறான், மருமகள் கோவை என்கிறாள். சீர்காழியை விட்டு எங்கே போகலாம்?
– வாசகர், சீர்காழி

பதில்: பன்னிரண்டு பெயர் கொண்ட ஊரை விட்டு ஒற்றைப் பெயர் ஊருக்கா! தில்லையாடியில் பிறந்த அருணாசலக் கவிராயர் உங்கள் ஊருக்குக் குடிவந்தார். அங்கே பிறந்த பாடகர் கோவிந்தராஜன் சென்னைக்குப் போனார். ஊரையும் பெயரோடு கூட்டிப்போனார். 2022 நவம்பரில் ஒரே நாளில் கொட்டிய 44 செ.மீ. மழைக்குப் பயந்தா கிளம்புகிறீர்கள்? சென்னைக்காரர்களிடம் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். வேலை கிடைக்கும் ஊருக்குப் பிள்ளைகள் போகட்டும். போயே தீர வேண்டுமென்றால் நீங்கள் திருச்சிக்குப் போங்கள். காவிரி அங்கும் உண்டு. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் உங்கள் சம்பா வயலில் நிற்கலாம். அந்த வயலை மட்டும் விற்றுவிடாதீர்கள், ஐயா.