இது டீக்கு அல்ல

மட்டாஞ்சேரியில் சுக்குக்கும் மிளகுக்கும்கூடக் காற்றோட்டமான கிடங்கு உண்டு. பேறுகால விடுப்பு முடிந்து வந்த எனக்குத் தாய்ப்பால் எடுக்கக் கிடைத்தது, தாழ்ப்பாள் இல்லாத ஸ்டேஷனரி அறை. பம்ப் ‘கர்ர்’ என்றதும் வெளியே கணக்கர் சேட்டன்: “மோளே, பிரிண்டர் கேடாயோ?”

2017 சட்டத் திருத்தம் 26 வாரம் விடுப்பு தந்தது. 50 பேர் வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டுமாம். எங்கள் முதலாளி கணக்கில் புலி. நாங்கள் 49 பேர். கடைப்பெண்கள் உட்காரவே கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தினார்கள். நானோ அட்டைப்பெட்டிமேல் ஜோராக உட்கார்ந்திருக்கிறேன்.

எறணாகுளம் பொது மருத்துவமனையில் 2021 முதல் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. எங்கள் ஆபீஸ் வங்கி, ஃபிரிட்ஜில் மோர்க்குப்பிக்குப் பக்கம். ‘டீக்கு அல்ல’ என்று இரண்டு மொழியில் எழுதி ஒட்டியும், நேற்று 20 மில்லி குறைந்திருந்தது.