யாரு கை புளி?

வா கண்ணு, குந்து. இன்னாது கையில? சமையல் குறிப்பு நோட்டா? தோல் அட்டை, உள்ள ரிப்பன் நாடா, பக்கத்துக்குப் பக்கம் பூப்போட்ட ஓரம். வெலைய மட்டும் சொல்லிடாத, எனக்குத் தலை சுத்தும். அந்தக் காசுக்கு வூடே எறா தின்னிருக்கும். தலைப்புக்குச் செவப்பு மை, சாமானுக்குப் பச்சை, செய்முறைக்கு ஊதா. அடேங்கப்பா! மார்க்கு போடறதுக்கு வாத்தியாரு யாருனா வராரா?

சரி, படி. "மீன் குழம்பு. மீன் அரை கிலோ." இன்னா மீனு? பழவேற்காட்டு ஏரியாண்ட இருக்கற பசியாவரத்துக்கு வந்துட்டு மொட்டையா மீனுன்னு எழுதிகினு போனா, கரையில படுத்துகினு இருக்கற நாய்கூட சிரிக்கும்டா. மடவையா, கெளுத்தியா, கொடுவாவா, கெழங்கானா? கெழங்கானப் போட்டுட்டு நீ கரண்டிய வுட்டுக் கிண்டினா தட்டுல முள்ளுதான் வுழும்.

எங்க ஏரி உன் நோட்டு மாதிரி கோடு போட்டு நிக்காது. ஐப்பசி, கார்த்திகையில ஆரணியாறும் காலங்கியும் வெள்ளத்தக் கொண்டாந்து கொட்டினா தண்ணி சப்புனு ஆயிடும். கோடையில முகத்துவாரம் மண்ணு அடைச்சிகிச்சின்னா கடலவிடக் கரிக்கும். தண்ணிக்கு ஏத்த மாதிரிதான் வலையில வுழும். நீ மாசத்தையே எழுதல, அப்புறம் மீன எங்க தேடுவ?

"மீனைச் சுத்தம் செய்யவும்"னு ஒரே வரியில முடிச்சிட்டியே, அங்கதான் கண்ணு கதையே இருக்குது. மடவை சேத்துல மேயற மீனு. வயித்தக் கிழிச்சா உள்பக்கம் கறுப்பா ஒரு சவ்வு ஒட்டிகினு இருக்கும். அத்த வெரலு வுட்டுச் சொரண்டணும். அப்புறம் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேச்சி, தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். இத்த வுட்டுட்டு "மிதமான தீயில்"னு ஊதா மையில அடிக்கோடு போட்டிருக்க. மிதமான தீயில வச்சா சேத்து நாத்தமும் மிதமாப் பூடுமா?

அடுத்து இன்னா? "புளி ஒரு கை." ஆயா சொன்னத அப்டியே எழுதிகினியா? யாரு கை? ஆயா கை காலம்பூரா ஏரியில எறா தடவின கை. உன் கை செல்போனு தடவின கை. ரெண்டும் ஒரே அளவு அள்ளுமா? கெழவி அள்ளும்போதே தராசுல போட்டுப் பாத்து எழுதிக்கடா. அதுக்கு ஒரு கலரு மையும் வேணாம்.

1951ல மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்"னு பொஸ்தகம் போட்டாங்க. கண்ணாலம் கட்டின பொண்ணுங்க சீமைக்குக்கூட அத்த எடுத்துகினு போச்சிங்க. சைவப் பொஸ்தகம், நம்ம மடவைக்கு அதுல எடமில்ல, போவுது வுடு. ஆனா அந்தம்மா மொட்டையா கையளவுன்னு வுட்டுடல. ஊர்ல பொழங்கற ஆழாக்கையும் பலத்தையும் வச்சிச் சொன்னாங்க. படியில எட்டுல ஒரு பங்கு ஆழாக்கு. இன்னிக்கு அந்த ஆழாக்கு எந்த வூட்ல இருக்குது? 1956ல அளவுக்குன்னு சட்டம் போட்டாங்க, கொஞ்ச வருசத்துல கிலோவும் கிராமும் வந்து கடையில குந்திகிச்சி. அதனால டம்ளர்னு எழுதினா எந்த டம்ளர்னும் எழுது. ஆயா டம்ளரு வேற, நீ காப்பி குடிக்கற கண்ணாடி டம்ளரு வேற.

எழுதறதே வீண்னு நான் சொல்லல. பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரன் எல்லாத்துக்கும் கணக்கெழுதினவன். 1613ல கெல்ட்ரியா கோட்டையக் கட்டினான், கல்லறை வாசல்ல எலும்புக்கூட்டக்கூட செதுக்கி வச்சான். கோட்டை மண்ணாப் பூட்சி, கல்லறைதான் நிக்குது. எத்த எழுதறோம்னு ஒரு கணக்கு வேணாமா? தெனம் வைக்கற கொழம்ப கையே பாத்துக்கும். எப்பவோ ஒருதபா செய்யறத எழுது. புள்ளை பெத்தவளுக்குப் பால் சொறா புட்டு எப்டி அவிக்கறது, அதுல பூண்டு எவ்ளோ, மொளகு எவ்ளோ. கருவாட்டுக்கு உப்பு எவ்ளோ, வெயிலு எத்தினி நாளு. மழை புடிச்சிகிச்சின்னா அந்தக் கருவாட்ட இன்னா பண்றது. இதெல்லாம் ஆயா மண்டையில இருக்குது. ஆயாவுக்கு வயசாவுது.

தோல் அட்டைய அலமாரியில வச்சிப் பூட்டு, வர்றவங்களுக்குக் காட்டலாம். சமையலுக்கு இஸ்கூல் புள்ளைங்க வச்சிருக்கற நாப்பது பக்க நோட்டு போதும். ஓட்டை போட்டுக் கயித்துல கோத்து அடுப்பாண்ட தொங்க வுடு. கறை பட்டா படட்டும். ஒவ்வொண்ணுக்கும் மாசத்தப் போடு, மீனு பேரப் போடு, சொல்லிக் குடுத்தவங்க பேரையும் போடு.

காலையில மடவை வந்தா ஆளனுப்பறேன். நோட்ட அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல அருவாமனையப் புடிக்கக் கத்துக்க வா.