எம், யு, ஆர்

தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைத் திறந்து, 'அரசு' என்ற சொல்லை நகலெடுத்து வேறு எங்காவது ஒட்டிப் பாருங்கள். எம், யு, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் கிடையாது, தமிழ் முகமூடி மாட்டிய ஆங்கிலம்தான் இருக்கிறது. எழுத்துரு செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் தமிழைத் திரைக்குக் கொண்டுவர இருந்த வழி அதுதான். வழி மாறிய பிறகும் அங்கேயே பாய் விரித்துப் படுத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

1991-லேயே, உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்கு இடம் வந்துவிட்டது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களும் ஒரு விசைப்பலகையும் பிறந்தன. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில், இனி யூனிகோடுதான் என்று அரசாணை வந்தது. கூடவே ஒரு சந்து: யூனிகோடு ஓடாத இடத்தில் டேஸ்16 என்ற இன்னொன்று. தரம் ஒன்று வேண்டும் என்று கூடினால் எழும்போது இரண்டாக எழுவது நம் குலவழக்கம். அந்த ஆணை போட்ட முதலமைச்சரின் பெயரைத்தான் சென்னை கே.கே. நகர் சுமந்து நிற்கிறது. அங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டிப் பதிவு வாஹன் என்ற தேசிய மென்பொருளில் நடக்கிறது. டிஎன் 09 என்று தொடங்கும் எண்ணை டெல்லியில் தட்டினாலும் விவரம் வரும். ஸ்கூட்டருக்குக் கிடைத்த மரியாதை 'அ'வுக்குக் கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில், நட்சத்திர ஓட்டல் குளிரில் கோட்டு போட்ட கன்சல்டன்ட் ஐயா வந்து 'டெக்னாலஜி நியூட்ரல் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்று ஸ்லைடு போடுகிறார். மத்திய அரசும் 2018-இல் இண்டியா (IndEA) என்று ஒரு கட்டமைப்பு நெறி கொண்டுவந்தது. அதில் எட்டு ரெஃபரன்ஸ் மாடல்கள். கருத்தில் பழுதில்லை: எந்தக் கம்பெனியின் மென்பொருளை வாங்கினாலும், நாளை அதைத் தூக்கிக் கடாசினாலும், தரவு துறையின் கையிலேயே நிற்க வேண்டும். சரி ஐயா, எழுத்தே உங்கள் கையில் இல்லையே, எந்தத் தரவை எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு அம்பு போட்டு அனுப்புகிறீர்கள்?

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. பாஸ் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. சி-டாக்கின் சென்னை மையம் செய்த சரக்கு, நல்ல யோசனை. கோப்பு பழைய எழுத்துருவில், விரல் பழைய விசைப்பலகையில். செக்‌ஷன் கிளார்க் எதைக் கொண்டு மாறுவார்? அவர் மேல்தான் 'மாற்றத்தை எதிர்ப்பவர்' என்று பழி விழும்.

கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு எழுத்துருவையும் குறியாக்க மாற்றியையும் இலவசமாகவே தருகிறது. அங்கேதான் சிக்கல். டெண்டர் விட முடியாத பொருளை எந்த அதிகாரி சீந்துவார்?

இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. பார்வையற்ற ஒருவர் தன் உதவித்தொகை ஆணையைத் திரைவாசிப்பானில் கேட்கிறார் என்று வையுங்கள். பழைய எழுத்துருக் கோப்பென்றால் ஆங்கிலக் குப்பை காதில் கொட்டும். ஸ்கேன் செய்த படமென்றால் அதுவும் கொட்டாது. அவருக்காகத்தான் ஆணை, அவரால்தான் படிக்க முடியாது. நிலப்பட்டா தகராறில் பழைய ஆணையைத் தேடுபவருக்கும் இதே கதி. தேடுபெட்டியில் தமிழில் அடித்தால் 'முடிவுகள் இல்லை'. ஆணை இருக்கிறது, தேடினால் மட்டும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை 2005-இல் கொண்டுவந்த நாட்டில், தகவலை ஒளிக்க அலமாரிகூட வேண்டியதில்லை, எழுத்துரு போதும். யார் மேலும் வழக்கு வராது, யாருக்கும் மெமோ வராது.

அடுத்தது என்ன என்று ஊகிக்கச் சிரமமில்லை. கணினியில் தட்டச்சு செய்கிறார்கள். அச்செடுத்துக் கையெழுத்து, மேலே முத்திரை. பிறகு ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார்கள். இனி அந்தப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க, அதாவது தாங்களே அடித்ததைத் தாங்களே படிக்க, செயற்கை நுண்ணறிவு வேண்டும் என்று டெண்டர் வரும். நிபந்தனைகளை இப்போதே எழுதி வைக்கலாம்: கம்பெனியின் ஆண்டு வரவு பல கோடி, இதே போன்ற வேலை முன்பு முடித்த சான்று, குறிப்பிட்ட பிராண்டு சர்வர் 'அல்லது அதற்கு இணையானது', தொழில்நுட்பச் சார்பின்மை கட்டாயம். பிரீ-பிட் கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு உண்டு.